காடி வந்த வழி

மலேசியத் தோட்டப்புறப் பள்ளியில் பயிலும் பிள்ளை ஒருவன், ‘என் மாமா புதுக் காடி வாங்கினார்’ என்று கட்டுரையேட்டில் எழுதுகிறான். ஆசிரியர் ‘காடி’யைச் சிவப்பு மையால் சுழித்து, அதன்மேல் ‘மகிழுந்து’ என்று திருத்துகிறார். திருத்தம் முறையானதே. தமிழகராதியைப் புரட்டினால் காடி என்பதற்குப் புளித்த நீர் என்றே பொருள் காண்போம். மாமா புளித்த நீர் வாங்கியதாகப் பிள்ளை எழுதவில்லை. ஆயினும் திருத்திய கையோடு அச்சொல்லைக் குப்பையில் எறிந்துவிடுவது வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. அச்சொல்லின் பின்னே சிங்கப்பூரிலும் மலாயாவிலும் நம்மவர் செய்த ஒரு தொழிலின் கதை மறைந்து கிடக்கிறது.

இந்துஸ்தானியில் வண்டிக்குக் காடி என்று பெயர். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் அதனைக் ‘காரி’ என்று தம் வாய்க்கு ஏற்பத் திரித்துக் கொண்டனர். கிழக்கே வந்தபோது சொல்லையும் உடன் கொண்டு வந்தனர். சிங்கப்பூரில் ‘காரி’ என்றால் வாடகைக்கு ஓடிய குதிரை வண்டி. குதிரை போய் மோட்டார் வந்த பின்னரும் நம் மக்களின் பேச்சில் காடி போகவில்லை. வண்டி மாறினாலும் பெயர் மாறாமல் நின்றது.

‘வாடகை’ என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. வடமொழிப் ‘பாடக’த்தின் வழியாக வந்தது அது என்பர். நம் ஊர்ப்புறத்தில் வீட்டுக்குக் கொடுப்பது குடிக்கூலி. வண்டிக்குக் கொடுப்பது வண்டிச்சத்தம். கூலி என்ற சொல்லுக்குக் கடல் கடந்த நாடுகளில் நேர்ந்த சிறுமையை நாம் அறிவோம். ‘சத்தம்’ அவ்வாறு கெடவில்லை. இருப்பினும் இன்று அதனைச் சொன்னால் ஓசை என்றே மாணவர் கொள்வர். நல்ல சொல் ஒன்று கண்முன்னே தேய்ந்து போயிற்று.

இன்று நாம் வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில் இறங்குகிறோம். அங்கே ஒரு முகப்பில் கடவுச்சீட்டையும் ஓட்டுநர் உரிமத்தையும் காட்டி, நாலைந்து தாள்களில் கையெழுத்திட்டு, சாவியைப் பெற்று, முன்பின் அறியாத காரை முன்பின் அறியாத சாலையில் நாமே ஓட்டிச் செல்கிறோம். இதனை இக்காலத்துப் புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். அந்நிய ஊரில் இறங்கியவனுக்கு வாடகை வண்டி கிடைப்பது புதுமை அன்று; அது துறைமுகங்களின் பழைய வழக்கம். புதிதாக நேர்ந்தது ஒன்றே: வண்டியோடு வந்த ஓட்டி நீங்கினான், அவன் இருந்த இடத்தில் காகிதம் வந்து அமர்ந்தது. அது எங்ஙனம் நேர்ந்தது என்பதைச் சிங்கப்பூரை வைத்தே காணலாம். அந்த ஓட்டிகளில் பலர் தமிழராய் இருந்தமையால் இஃது நமக்கு அயலார் கதையும் அன்று.

படகுத் துறையில்

1819இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் வணிகத் தலம் அமைத்தது முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, இங்கு வந்தவர் எல்லோரும் கடல் வழியே வந்தனர். கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரம் பாய்ச்சும். பயணிகள் சம்பான் படகேறி, 1850களில் கட்டப்பட்ட ஜான்ஸ்டன் துறையில் இறங்குவர். 1860களில் தஞ்சோங் பகாரில் கப்பல் துறை எழுந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. கப்பல்கள் பெருகின. தஞ்சோங் பகாரில் இறங்கியவர் நகருக்குள் வர வேண்டுமானால், வெயிலில் பெட்டி படுக்கையுடன் நடப்பது இயலாத காரியம், வண்டி வேண்டும்.

அந்த வண்டிதான் காரி. நான்கு சக்கரம், மரப்பெட்டி போன்ற உடல், காற்று நுழையப் பக்கங்களில் சட்டப்பலகைகள், முன்னே சுமத்ராவிலிருந்து வந்த சிறு மட்டக் குதிரை ஒன்று. தொடக்க காலத்தில் ஓட்டிக்கு வண்டியில் இருக்கை கூடக் கிடையாது. குதிரையின் தலைப்பக்கம் கடிவாளத்தைப் பற்றிக்கொண்டு கூடவே ஓடுவான். உள்ளே ஒருவர் அமர்ந்து செல்ல, வெளியே ஒருவன் அதே தொலைவை ஓடிக் கடந்தான் என்பதை மாணவர்க்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அவனுக்கு ‘சைஸ்’ என்று பெயர். அரபியில் பிறந்து, இந்துஸ்தானியில் வளர்ந்து, மலாயில் குடியேறிய சொல் அது. குதிரைக்காரன் என்று பொருள். சிங்கப்பூரில் இத்தொழிலைச் செய்தவருள் இரு கூட்டத்தார் முதன்மையானவர். ஒருவர், ஜாவாவுக்கு வடக்கே உள்ள பாவியான் தீவிலிருந்து வந்தவர், போயானியர் எனப்பட்டனர். ரோச்சோர் கால்வாயை ஒட்டிய கம்போங் காப்பூர்ப் பகுதியில் இவர்கள் நிறைய வாழ்ந்தனர். இன்று லிட்டில் இந்தியாவுக்குச் செல்வோர் அப்பகுதியை மிதித்தே செல்கின்றனர். மற்றவர் தமிழர். 1879ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூருக்கு வந்த இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி, 1883இல் வெளியிட்ட தம் பயண நூலில், தமிழர் வாடகை வண்டியோட்டிகளாகவும் குதிரைக்காரராகவும் படகோட்டிகளாகவும் இருந்ததைக் குறித்திருக்கிறார். அக்கால ஆங்கிலேயர் வழக்கப்படி நம்மவரை அவர் ‘கிளிங்’ என்றே எழுதுகிறார். கலிங்கம் என்ற பெருநாட்டின் பெயரடியாகப் பிறந்த அச்சொல் இழிசொல்லாய் முடிந்தது தனிக் கதை.

சாலையைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். 1825 முதல் 1873 வரை இங்குக் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகளின் உழைப்பில் உருவானவை சிங்கப்பூரின் பழஞ்சாலைகளுள் பல. நம் நாட்டார் வெட்டிய சாலையில் நம் நாட்டார் வண்டி ஓட்டினர். சாலையின் வரலாற்றில் அதற்குப் பெயரிடப்பட்ட ஆளுநர் மட்டும் நிற்கிறார்.

இனி, வந்திறங்கிய பயணியின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஊரின் மொழி தெரியாது, நாணயம் பழக்கமில்லை, எந்த இடம் எவ்வளவு தூரம் என்பது தெரியாது. வண்டியோட்டிக்கோ எல்லாம் தெரியும். அறியாதவனும் அறிந்தவனும் பேரம் பேசினால் என்ன நிகழும்? அதற்கு அரசாங்கம் கண்ட வழி எளியது. வாடகைக் குதிரை வண்டிகளுக்கென்றே சட்டம் இயற்றி, ஒவ்வொரு வண்டியையும் பதிவு செய்து, எண் கொடுத்து, தூரத்துக்கும் நேரத்துக்கும் கட்டணம் விதித்தது. 1892இல் ரீத் என்ற பாதிரியார் சிங்கப்பூருக்கு வருவோர்க்காகக் கைநூல் ஒன்று எழுதினார். கப்பலை விட்டு இறங்கியவனுக்கு வண்டி பிடிக்கும் வழியைச் சொல்லும் நூல் அது.

தூரத்தை அளந்தது கல். மைலுக்கு ஒரு கல் நட்டனர். மலாய்க்காரர் அதனைப் ‘பத்து’ என்றனர். நம்மவர் ‘கட்டை’ என்றனர். ஆறாங்கட்டை, பத்தாங்கட்டை என்று இன்றளவும் ஊர்ப்பெயராய் வழங்குவன இந்தக் கற்களே.

இங்கு ஒன்றைக் கருத்தில் வைக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் அரசாங்கத்துக்குத் தன்னை மெய்ப்பிக்க வேண்டியவன் ஓட்டி. எண் தகடு அவனுடைய வண்டியில். பயணியிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. அவன் யார், எங்கிருந்து வந்தான், கடன்காரனா கள்வனா என்பது வண்டிக்கு வேண்டியதில்லை. வண்டி அவன் கையில் ஒப்படைக்கப்படவில்லை அல்லவா? குதிரை இடறி விழுந்தாலும் அச்சு முறிந்தாலும் பயணி இறங்கி வேறு வண்டி பிடிப்பான். இழப்பு ஓட்டியையும் உடைமைக்காரனையும் சேரும்.

தேக்கா மாடுகளும் பந்தயத் திடலும்

ஆள் ஏற்றியது குதிரை. சரக்கு ஏற்றியது மாடு. இன்றைய லிட்டில் இந்தியா அந்நாளில் மாட்டுத் தொழிலின் நடுவிடம். கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைப் பட்டி. கெர்பாவ் சாலை, பஃபலோ சாலை என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எருமைக்கு இரண்டு தெருக்கள் உண்டு. மாட்டு வணிகர் பெலிலியோஸ் பெயரால் ஒரு தெரு உண்டு. தண்ணீர் சுமந்த மாட்டு வண்டியின் பெயரால் சீனர் பகுதியில் கிரேத்தா ஆயர் உண்டு. ஆனால் வண்டியோட்டியின் பெயரால்? நம் பாடநூல்களில் ‘போக்குவரத்து வளர்ச்சி’ என்ற பாடத்தைப் பாருங்கள். மாட்டு வண்டி, குதிரை வண்டி, ரிக்‌ஷா, கார், விமானம் என்று வரிசையாகப் படம் இருக்கும். எந்தப் படத்திலும் ஓட்டியவனுக்கு முகம் இராது. சஞ்சிக்கூலிகளையும் இரயில்பாதைத் தொழிலாளரையும் செட்டியார்களையும் பற்றி எழுதிய நாம், வண்டியோட்டிகளைப் பற்றி எழுதியது மிகக் குறைவு.

சிராங்கூன் சாலைக்கு அருகே, ஃபேரர் பூங்காவில், பழைய குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. 1911 மார்ச் 16ஆம் நாள் கிறிஸ்தியான்ஸ் என்ற பெல்ஜியர் சிங்கப்பூரில் முதன்முதலாக விமானம் பறக்கவிட்டது அந்தத் திடலில்தான். 1919 டிசம்பர் 4ஆம் நாள், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ராஸ் ஸ்மித்தின் விமானமும் அங்கேயே இறங்கியது. திடல் சிறியது, விமானம் பெரியது. ஓடும் வேகத்தைத் தணிக்க, உடன்வந்த பொறிவினைஞர் ஒருவர் தம் இருக்கையை விட்டு வெளியேறி வால்பக்கம் சறுக்கிச் சென்று தம் எடையால் வாலை அமுக்கினாராம். கண்டாங் கெர்பாவ் மாட்டுக்காரரும் குதிரைக்காரரும் இதனைக் கண்டிருக்க வேண்டும். சிங்கப்பூருக்கு வானவழி வந்த முதல் விருந்தினர் இறங்கியது தமிழர் தெருவின் ஓரத்தில் என்பதை நம் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லலாம்.

காரியின் வாழ்வைக் குலைத்தது முதலில் மோட்டார் அன்று, மனிதன். 1880இல் ஷாங்காயிலிருந்து ரிக்‌ஷா வந்தது. ‘மனித ஆற்றலால் இயங்கும் வண்டி’ என்ற சப்பானியச் சொற்றொடரின் குறுக்கமே அப்பெயர். குதிரைக்குத் தீனி வேண்டும், கொட்டில் வேண்டும். மனிதனுக்கு அவனே தேடிக் கொள்வான். சீனத் தொழிலாளர் இழுத்த இவ்வண்டிகள் சில ஆண்டுகளில் தெருவை நிறைத்தன. 1888இல் இவற்றுக்கெனத் தனி அலுவலகமும் 1892இல் தனிச் சட்டமும் வந்தன. வண்டி இழுத்தவனுக்கு உரியதன்று. முதலாளியிடம் நாள் வாடகைக்கு எடுத்து இழுத்தான். வாடகை கழிந்த பின் மிஞ்சியதே அவன் கூலி. இதனை மறவாதீர்கள், பின்னர் வேண்டும். கையால் இழுக்கும் ரிக்‌ஷா 1947இல் நின்றது.

குதிரைக்காரன் மோட்டார்க்காரன் ஆனான்

1896இல் முதல் மோட்டார் கார் சிங்கப்பூருக்கு வந்தது. கொண்டு வந்தவர் சார்லஸ் பக்லி. சிங்கப்பூரின் பழங்கதைகளைத் தொகுத்து நூலாக்கிய அதே பக்லிதான். அந்த பென்ஸ் காருக்கு ஊரார் ‘காப்பி இயந்திரம்’ என்று பெயரிட்டனர். 1910இல் வேர்ன் நிறுவனத்தார் வாடகை மோட்டார், அதாவது டாக்சி, ஓட்டத் தொடங்கினர். காரைச் சொந்தமாக வாங்கிய துரைமார் பலர் தாமே ஓட்டவில்லை. ஓட்ட ஆள் வைத்தனர். அவனையும் ‘சைஸ்’ என்றே அழைத்தனர்! கடிவாளம் பிடித்தவனுக்கு இருந்த பெயர் சுக்கான் பிடித்தவனுக்கும் ஒட்டிக்கொண்டது. தொழில் மாறியும் ஆள்வோருக்கும் ஓட்டியவனுக்கும் இருந்த உறவு மாறவில்லை என்பதற்கு இந்த ஒரு சொல் போதும்.

கார் விற்ற வேர்ன் சகோதரர்களே 1937இல் விமானமும் ஓட்டினர். சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய ஊர்களை இணைத்தது அவர்களுடைய விமானச் சேவை. அவ்வாண்டு ஜூன் 12ஆம் நாள் காலாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முன் 1930 முதல் டச்சுக்காரர் விமானங்கள் சிலேத்தாரில் இறங்கின. சிலேத்தார் நகருக்கு வெகுதொலைவு. காலாங் நகரை ஒட்டியது. ஆயினும் வந்திறங்கியவனுக்கு அங்கும் ஓட்டியோடு கூடிய காரே வண்டி.

ஓட்டியை நீக்கியவர்கள்

பயணியே ஓட்டும் வாடகைக் கார் வேறு நாடுகளில் பிறந்தது. 1912இல் மியூனிக் நகரில் மார்ட்டின் சிக்ஸ்ட் என்பவர் மூன்று கார்களை வைத்து வாடகைத் தொழில் தொடங்கினார். 1916இல் அமெரிக்காவின் ஒமாகா நகரில் ஜோ சாண்டர்ஸ் தம் ஃபோர்டு காரை வாடகைக்கு விட்டார். கட்டணம் மைலுக்குப் பத்து சென்ட். இடப்பக்க முன்சக்கரத்தில் ஓர் அளவைக் கருவியைப் பூட்டி, எத்தனை மைல் ஓடிற்று என்று கண்டார். நம் ஊர்க் கட்டைக்கல் சாலையிலிருந்து எழுந்து சக்கரத்தில் ஏறிக்கொண்டது எனலாம். 1918இல் சிகாகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் ஏறத்தாழ ஒரு டஜன் கார்களுடன் இறங்கினார். 1923இல் அத்தொழிலை ஜான் ஹெர்ட்ஸ் வாங்கினார். இந்த ஹெர்ட்ஸ் யார் தெரியுமா? சிகாகோவில் மஞ்சள் டாக்சிகளை ஓடவிட்டுப் பெரும்பொருள் ஈட்டியவர். ஓட்டியை வைத்துப் பொருள் ஈட்டியவரே ஓட்டி இல்லாமலும் ஈட்ட முடியும் என்று கண்டுகொண்டார். 1932இல் அந்நிறுவனம் சிகாகோ விமான நிலையத்தில் முகப்பு அமைத்தது. இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் பணியாற்றிய வாரன் ஏவிஸ், விமானம் இறங்கும் இடத்திலிருந்து ஊருக்குள் செல்ல வண்டி கிடைக்காமல் பலகாலும் இடர்ப்பட்டவர். அவர் 1946இல் டெட்ராய்ட் அருகே வில்லோ ரன் விமான நிலையத்தையே தம் கடையாக்கினார்.

ஓட்டி நீங்கியதும் பழைய கேள்வி தலைகீழாயிற்று. இப்பொழுது விலையுயர்ந்த பொருள் முன்பின் அறியாத அந்நியன் கையில் செல்கிறது. அவனை எங்ஙனம் நம்புவது?

மூன்று காகிதங்கள் அதற்கு விடையாய் வந்தன. ஒன்று, ஓட்டுநர் உரிமம். ஒரு நாட்டின் உரிமத்தை மற்றொரு நாடு ஏற்க உடன்படிக்கை வேண்டும். 1909இலும் 1926இலும் பாரிஸில் நாடுகள் கூடி இதற்கு வழி செய்தன. 1949இல் ஜெனீவாவிலும் 1968இல் வியன்னாவிலும் அது விரிவாயிற்று. பன்மொழிகளில் அச்சிட்ட அனைத்துலக ஓட்டுநர் அனுமதி இவற்றின் பயன். ஜெனீவா உடன்படிக்கைப்படி தரும் அனுமதி ஓராண்டுக்குச் செல்லும். அது தனித்து நிற்காது. சொந்த நாட்டு உரிமமும் உடன் இருக்க வேண்டும். இதனை அறியாமல் அனுமதியை மட்டும் எடுத்துச் சென்று முகப்பில் விழித்து நிற்போர் பலர். ஆசியான் நாடுகள் 1985இல் தமக்குள் தனி உடன்பாடு செய்துகொண்டமையால், மலேசிய உரிமத்தைச் சிங்கப்பூரும் சிங்கப்பூர் உரிமத்தை மலேசியாவும் ஏற்கின்றன.

இரண்டாவது, கடன் அட்டை. 1950இல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் அட்டை தோன்றியது. உணவகத்துக்கென வந்தது, வாடகைக் கார் முகப்புக்குப் பெருந்துணையாயிற்று. அட்டையில் ஒரு தொகையை நிறுவனம் நிறுத்தி வைக்கும். கார் நலமாகத் திரும்பினால் விடுவிக்கும். பழைய தமிழில் சொன்னால், இது பிணை.

மூன்றாவது, காப்புறுதி. இங்கேதான் நம்மவர் பெரிதும் ஏமாறுகின்றனர். ‘காப்புறுதி உண்டு’ என்று கேட்டதும் அமைதி கொள்கிறோம். விபத்து நேரின் இழப்பின் முதற்பகுதியை, குறித்த ஒரு தொகை வரை, வாடகைக்கு எடுத்தவரே ஏற்க வேண்டும். அதற்கு மேற்பட்டதையே காப்புறுதி ஏற்கும். அத்தொகையைக் குறைக்க நாள்தோறும் தனிக்கட்டணம் கேட்பர். என் உறவினர் ஒருவர் அயல்நாடு ஒன்றில் நள்ளிரவில் காரைப் பெற்று, சுற்றிப் பார்க்காமல் ஓட்டிச் சென்றார். திருப்பித் தந்தபோது கதவில் கீறல் ஒன்றைக் காட்டினர். முன்பே இருந்ததென்று அவரால் மெய்ப்பிக்க இயலவில்லை. பிணைத் தொகையில் ஒரு பகுதி போயிற்று. காரியில் ஏறியவனுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. சைஸ் சுமந்த பொறுப்பு முழுவதும் இப்பொழுது பயணியின் தலையில். வழி தெரிந்தவனும் பொறுப்பேற்றவனும் ஒருங்கே இறங்கிப் போய்விட்டனர். சாவி மட்டும் கையில் இருக்கிறது.

தெம்பனிஸ் சாலை

சிங்கப்பூரில் இந்த முறை மேலைநாட்டில் போல் ஓங்கவில்லை. காரணத்தைத் தெம்பனிஸில் நின்று பார்த்தால் விளங்கும். தெம்பனிஸ் என்பது ஒரு மரத்தின் பெயர். வைரம் பாய்ந்த மரம். 1864இல் போட்ட தெம்பனிஸ் சாலை சிராங்கூன் சாலையின் மேற்பகுதியிலிருந்து பிரிந்து கிழக்கே சாங்கிப் பக்கம் சென்றது. இருமருங்கும் கம்பங்களும் தோட்டங்களும் பின்னாளில் மணற்குழிகளும் இருந்தன. 1955 ஆகஸ்டு 20ஆம் நாள் பாயா லேபாரில் புதிய விமான நிலையம் திறந்தது. அது இச்சாலையின் அருகே அமைந்தது. 1981 ஜூலை முதல் நாள் பயணிகள் விமானங்கள் சாங்கிக்கு மாறின. அது சாலையின் மறுமுனைப் பக்கம். 1970களின் இறுதியிலிருந்து எழுந்த தெம்பனிஸ் புதுநகர், பழைய நிலையத்துக்கும் புதிய நிலையத்துக்கும் இடையே கிடக்கிறது. என் தங்கை வீட்டுச் சன்னலில் நின்றால் தாழப் பறக்கும் விமானங்களைக் காணலாம். பாயா லேபார் இன்னும் விமானப் படைத் தளமாக இருக்கிறது.

பாயா லேபார்க் காலத்தில் டாக்சியோடு ‘களவு டாக்சி’யும் ஓடிற்று. உரிமம் இல்லாத சொந்தக் கார்களில் ஆள் ஏற்றிப் பிழைத்தவர் ஆயிரக்கணக்கானவர். குறைந்த கட்டணம், மீட்டர் இல்லை, விபத்து நேரின் கேட்பாரில்லை. வேலையின்மையின் விளைவு அது; வெறும் குற்றமாக மட்டும் அதனைக் காண்பது நேர்மையன்று. 1970இல் தொழிற்சங்கக் காங்கிரஸ் கம்ஃபர்ட் கூட்டுறவைத் தொடங்கி ஓட்டுநர்க்கு டாக்சி கிடைக்க வழி செய்தது. அடுத்த ஆண்டில் களவு டாக்சிகள் ஒழிக்கப்பட்டன.

பின்னர் 1990 மே மாதம் வாகனப் பங்கீட்டு முறை வந்தது. கார் வைத்திருக்கும் உரிமையையே ஏலத்தில் எடுக்க வேண்டும். அச்செலவு வாடகையிலும் ஏறும். மறுபுறம் தீவோ சிறியது. 1989இல் தெம்பனிஸுக்கு விரைவு ரயில் வந்தது. 2002இல் சாங்கி விமான நிலையத்தினுள்ளேயே ரயில் நின்றது. 2017 முதல் எக்ஸ்போ நிலையத்தில் மாறி ஏறினால் ஒரே தடம் தெம்பனிஸ் வழியாக லிட்டில் இந்தியாவுக்கே கொண்டு சேர்க்கிறது. இப்படிப்பட்ட ஊரில் வந்திறங்கியவன் காரை வாடகைக்கு எடுத்து எங்கே ஓட்டுவான்?

ஓட்டுவதற்கு ஓரிடம் உண்டு: வடக்கே, பாலத்துக்கு அப்பால். 1924இல் முறையாகத் திறக்கப்பட்ட ஜோகூர்ப் பாலம் சிங்கப்பூரை மலாயாவோடு இணைத்தது. குவீன் தெருவிலிருந்து ஜோகூருக்கு நால்வராகச் சேர்ந்து டாக்சியில் போவது நெடுநாளைய வழக்கம். இன்று வாடகைக் காரிலும் போகிறார்கள். ஆனால் நிறுவனத்தின் எழுத்து அனுமதி இன்றி எல்லை கடந்தால் காப்புறுதி கைவிடும். சிங்கப்பூர்க் காராயின் எரிபொருள் தொட்டி முக்கால் நிரம்பியிருக்க வேண்டும். 1989இல் அரைத் தொட்டி என்று வந்த விதி 1991இல் முக்காலாயிற்று. மலேசிய எரிபொருள் மலிவு என்பதால் வந்த விதி இது. மலேசியாவும் சிங்கப்பூர்க் கார்களுக்கு நுழைவு அனுமதியைக் கட்டாயமாக்கி, 2025 ஜூலை முதல் முழுமையாக நடைமுறைப்படுத்தியது. காருக்கும் கடவுச்சீட்டு வேண்டும் என்ற காலம் வந்துவிட்டது.

தாய்நாட்டுக்குச் செல்வோர்க்கும் ஒரு குறிப்பு. இந்தியாவில் 1989இல்தான் வாடகைக் கார்களுக்கெனத் தனித் திட்டம் வகுக்கப்பட்டது. உரிமம் பெற ஐம்பது கார்களேனும் வேண்டும் என்று அதில் விதி. ஓட்டியோடு வரும் டாக்சிக்கு மஞ்சள் தகட்டில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து. ஓட்டி இருக்கிறானா இல்லையா என்பதைத் தகட்டின் நிறமே சொல்லும். இருப்பினும் சென்னையில் இறங்கும் நம்மவர் ஓட்டியோடு கூடிய காரையே நாடுகின்றனர். திருச்செந்தூருக்கோ பழனிக்கோ போகும் வழியில் எந்தக் கடையில் உணவு நன்றாயிருக்கும் என்பதை எந்தக் காகிதமும் சொல்லாது.

2013இல் ஊபரும் கிராப்பும் சிங்கப்பூரில் கால் வைத்தன. கைப்பேசியில் அழைத்தால் கார் வரும். ஓட்டியும் உடன் வருவார். 2018இல் ஊபர் தன் தொழிலைக் கிராப்பிடம் விட்டு நீங்கியது. இந்தக் கார்களில் பல, ஓட்டுவோருக்குச் சொந்தமல்ல. வாடகைக் கார் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்து, அதில் நம்மை ஏற்றிச் செல்கிறார்கள். டாக்சி ஓட்டுவோரும் நிறுவனத்துக்கு நாள் வாடகை கொடுப்பவரே. சாங்கியில் இறங்கித் தெம்பனிஸுக்குக் காரில் வருகிறோம்; காரை வாடகைக்கு எடுத்தவர் யார்? நாம் ஒரு பயணத்துக்கு எடுத்தோம். ஓட்டியவர் நாள் முழுவதற்கும் எடுத்தார். வாடகை கழிந்த பின் மிஞ்சியதே அவர் வருவாய். ரிக்‌ஷா இழுத்தவனின் கணக்கும் இதுவே அன்றோ?

2017 ஜூலை முதல் இவ்வகைக் கார்களை ஓட்டுவோர் தனித் தொழில் உரிமம் பெற வேண்டும் என்றும், காரின் முன்பின் கண்ணாடிகளில் அரசாங்கத்தின் ஒட்டுவில்லை இருக்க வேண்டும் என்றும் சட்டம் வந்தது. ரிக்‌ஷாக்களுக்கு எண் கொடுத்த அலுவலகம் 1903இல் கட்டிய மாளிகை, நீல் சாலையும் தஞ்சோங் பகார்ச் சாலையும் கூடும் முனையில் இன்றும் நிற்கிறது. ‘ஜின்ரிக்‌ஷா நிலையம்’ என்ற ஆங்கில எழுத்துகள் அதன் முகப்பில் இருக்கின்றன. மாணவரைச் சிங்கப்பூருக்கு அழைத்து வரும் ஆசிரியர்கள், தேக்காவுக்குப் போகும் முன் அங்கே கால்மணி நேரம் நிற்கலாம்.